ஐந்தாவது வருஷம்

ஈரோட்டைக் கடந்து ரயில் மேற்கு நோக்கி ஓடத் தொடங்கியதும் காவிரிக் கரையின் பசுமை கண்ணைவிட்டு மறைந்து, வேலமரங்களும் சோளக்காடுகளும் கிணற்றுமேட்டுத் தென்னைகளுமாகக் காட்சி மாறிவிடுகிறது. பெரிய ஆறென்று சொல்லிக்கொள்ள இந்த வழியில் நொய்யல் ஒன்றுதான் உண்டு. அதுவும் வருஷத்தில் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிலே அமைந்துவிட்ட இப்பிரதேசத்தில், ஆழக் கிணறு வெட்டித்தான் குடியானவன் பயிர் செய்ய வேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ரயில் பாதையின் இருமருங்கிலும் வருகிற ஆலைக் கட்டிடங்களுக்கும், பம்ப்செட் விளம்பரங்களுக்கும், அவற்றை அடுத்து நிற்கிற பொறியியல் கல்லூரிப் பலகைகளுக்கும் உள்ள சம்பந்தம் மெல்லப் புலப்படத் தொடங்கும். தண்ணீர் தாராளமாக இருந்த தஞ்சாவூர் சங்கீதத்தை வளர்த்தது, தண்ணீருக்குத் தவித்த கோயம்புத்தூர் மோட்டாரை வளர்த்தது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். வேடிக்கையாகச் சொல்வதுதான் என்றாலும் முழுப் பொய்யன்று.

உறவினர் வீட்டு முகூர்த்தம் ஒன்றை முன்னிட்டு ஆனி மாதக் கடைசியில் நான் கோயம்புத்தூருக்குப் போயிருந்தேன். பொறியியல் கலந்தாய்வுக்கு மாணாக்கர்கள் கல்லூரிகளையும் பாடப் பிரிவுகளையும் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருக்கிற காலம் அது. ஆகையால் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடையே மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சே அதிகமாக நடந்தது. பிளஸ் டூ தேறிய பையன் ஒருவனின் தகப்பனார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் மாமா, நீங்க மெட்ராசுல இருக்கறீங்க, நாலு பேரைப் பார்க்கறீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கறதா, ஏ.ஐ.ன்னு புதுசா வந்திருக்கே, அதை எடுக்கறதா? இவன் படிச்சு முடிக்கறப்ப எதுக்கு வேலை இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த பையனின் பாட்டனார், கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னார்: "நான் மில்லுல சேர்ந்தப்ப எனக்குப் பொண்ணு குடுக்க மூணு ஊருக்காரங்க வந்தாங்க. மில்லு வேலைன்னா அப்போ அத்தனை மதிப்பு. இப்ப அந்த மில்லு கேட்டுல முள்ளுச்செடி மொளச்சுக் கெடக்குது. எதுக்கு வேலை இருக்கும்னு எவன் சொல்லுவான்?"

சபை சிரித்தது. கேள்வி மட்டும் அப்படியே நின்றது. உறவினர்களிடம் விடைபெற்றுக்கொண்டு மறுநாளே திரும்பியிருக்க வேண்டிய நான், அந்தக் கேள்வியைத் துணையாக வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்துத் தங்கிவிட்டேன்.

முதலில் முதியவர் சொன்ன ஆலைகளைத்தான் தேடிப் போனேன். ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888ஆம் ஆண்டில் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் இந்த ஊரின் முதல் பஞ்சாலை. கரிசல் பூமியில் விளைந்த பருத்தி பக்கத்திலேயே இருக்க, அதை நூற்பதற்கு யந்திரமும் வந்துவிட்டது. ஆனால் ஆலைகள் காளான்போலப் பெருகியது 1930களின் தொடக்கத்திலே, நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் உற்பத்தி செய்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கி வந்த பிறகுதான். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பட்டம் சூட்டிக்கொண்ட அந்த நகரத்தில் ஆலைச் சங்கு ஊதியபோதுதான் பலருடைய வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். பிற்பாடு அவற்றுள் நலிந்தவை தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போயின. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளை நோயை முன்னிட்டு நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது அக்கழகத்தின் ஆலைகளும் நின்றன. ஊரடங்கு நீங்கிப் பல வருஷங்கள் ஆகியும் அவை பழையபடி ஓடவில்லை. நான் பார்த்த கதவில் பூட்டு துருவேறியிருந்தது. உள்ளே வேப்பமரங்கள் நன்றாக வளர்ந்திருந்தன.

ஆலை மூடியதும் ஊர் படுத்துவிட்டதா என்றால், இல்லை. பழுதான யந்திர உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சீமையிலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்க முடியாத ஆலைக்காரர்கள், உள்ளூர்க் கருமானையும் கடைசல்காரனையும் கூப்பிட்டு, இதைப்போல் ஒன்று செய்து கொடு என்று கேட்ட நாளிலேயே இந்த ஊரின் இரண்டாவது ஜீவனம் பிறந்துவிட்டது. அப்படிப் பிறந்த பட்டறைகள் வார்ப்படச் சாலைகளாயின. அவற்றின் ஆற்றலிலே, டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் முயன்று, 1937ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதலாவதாக மின்மோட்டார் செய்யப்பட்டது. மோட்டாரைக் கிணற்றுப் பம்புடன் பூட்டியபோது வறண்ட காடு தோட்டமாயிற்று. அதே மோட்டாரை ஆட்டுக்கல்லுடன் பூட்டியபோது நாட்டிலுள்ள இல்லத்தரசிகள் பலருடைய தோள்வலி தீர்ந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆலை யந்திரம் செய்யக் கற்றவர்களின் பிள்ளைகள் மோட்டார் வாகன உறுப்புக்களைச் செய்தார்கள். பேரப் பிள்ளைகள் சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் கண்ணாடிக் கட்டிடங்களில் உட்கார்ந்து கணினியில் வேலை செய்கிறார்கள். நூறு வருஷத்துக்குள் ஓர் ஊர் தன் தொழிலை இத்தனை முறை மாற்றிக்கொண்டும் பட்டினி கிடக்கவில்லை என்றால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய வேலையில் பழகிய கையும் கண்ணும் புதிய வேலைக்குள் கூடவே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இந்தக் கதையிலே சர்வகலாசாலை எங்கே வருகிறது என்று பார்க்கப் புகுந்தால், முதலில் எதிர்ப்படுகிறவர் அந்த ஜி.டி. நாயுடுதான். இன்று அவிநாசி சாலையின் தலைக்குமேல் அவர் பெயர் தாங்கிய மேம்பாலம் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. அதே சாலையின் ஓரத்தில் பழைய மோட்டார் கார்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் காட்சிசாலையும் இருக்கிறது.  1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் அதிக நாள் தங்காமல் ஓடிவிட்ட அம்மனிதர், வெள்ளைக்காரர் ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, வாங்கியவுடன் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டிப் பார்த்தார் என்பது ஊரறிந்த கதை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர் பிறகு பெரிய போக்குவரத்து ஸ்தாபனத்துக்கே அதிபரானார்.

அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945இல் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோயம்புத்தூரில் ஏற்பட்டன. அந்தக் கல்லூரிதான் இப்பொழுது தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் தலைமைப் பொறுப்பையும் அவரே ஏற்றார். ஆனால் நெடுநாள் நீடிக்கவில்லை. நான்கு வருஷத்துப் படிப்பு வீண் காலவிரயம் என்றும், அதே பாடங்களை இரண்டே வருஷத்தில் கற்பித்துவிடலாம் என்றும் அவர் வாதித்தார், சர்க்கார் ஒப்பவில்லை, அவர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

ஒரு மேதையின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் கிளப்பிய வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதே என் எண்ணம். வேலைக்குத் தேவையானதை மட்டும் சீக்கிரமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று இன்றைக்குத் தொழில் ஸ்தாபனங்கள் கேட்பதும், ஆறு மாதத்துச் சான்றிதழ் இருந்தால் போதும், பட்டம் எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்பதும் நாயுடு அவர்கள் கேட்டதன் மறுபதிப்பே. அவரைப் போன்றவருக்கு இரண்டு வருஷம்கூட அதிகம்தான். யந்திரத்தைக் கண்ட மாத்திரத்தில் கழற்றிப் பார்க்கும் துணிச்சலை அவர் பிறக்கும்போதே கொண்டுவந்துவிட்டார். அந்தத் துணிச்சல் பிறவியில் வாய்க்காத சாமானியப் பிள்ளைகளை என்ன செய்வது என்பதுதான் கல்லூரியின் பிரச்சினை.

இதற்கு எதிர்த்திசையிலே விடை தேடியவர்களையும் இதே ஊர்தான் பெற்றது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்களும் 1926இல் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டபோது, நான்கு பேருக்கு ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கென்று எழுதிவைத்தார்கள். அந்தத் தர்மத்தின் கிளையாகத் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்று முதலில் ஏற்பட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு 1951இல், அதன் அருகிலேயே, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. பட்டறை முன்னே பிறந்து கல்லூரி பின்னே பிறந்த இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்; நம் தேசத்துக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்லூரி எழுந்த பிறகு, அங்கீகாரத்துக்கு வருகிற அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காகப் பட்டறை கட்டுகிறார்கள். கல்லூரியின் முதல் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன், விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதைக் கலைக்கதிர் பத்திரிகையின் வாயிலாகச் செய்தே காட்டியவர். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

அங்கே நெடுங்காலமாக நடந்துவருகிற ஒரு படிப்புக்குச் சாண்ட்விச் என்று பெயர். இங்கிலாந்திலிருந்து வந்த முறை. பெயரும் அங்கிருந்தே வந்தது. வகுப்பில் சிறிது காலம், தொழிற்கூடத்தில் சிறிது காலம் என்று மாற்றி மாற்றி அடுக்கி, நான்கு வருஷத்துப் பொறியியல் பட்டத்தை ஐந்து வருஷத்தில் கொடுக்கிறார்கள். மாணாக்கன் வேடிக்கை பார்க்கப் போகும் தொழிற்சாலைச் சுற்றுலா அன்று அது. மோட்டாரும் பம்பும் கடைசல் யந்திரமும் உண்மையிலேயே உற்பத்தியாகிக்கொண்டிருந்த இடத்தில் அவன் வேலைக்காரர்களோடு நிற்க வேண்டும். ஜி.டி. நாயுடு இரண்டு வருஷத்தைக் குறைக்கச் சொன்னார். இவர்கள் ஒரு வருஷத்தைக் கூட்டினார்கள். கைப்பழக்கம் வேண்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் பேதமில்லை. அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதில்தான் பேதம்.

கூடுதலான அந்த வருஷம் எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள, அம்மாதிரி வகுப்பில் பல வருஷங்களுக்கு முன் படித்து, இப்பொழுது கணபதிப் பகுதிக்கு அப்பால் சிறிய ஃபவுண்டரி ஒன்று நடத்துகிறவரைப் பார்க்கப் போனேன். தகரக் கூரையின் கீழே அனல் அடித்தது. தரையெல்லாம் கறுப்பு மண். மோல்டிங் பெட்டிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கலவை யந்திரத்திலிருந்து வந்த மண்ணை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தார். விரித்தபோது, ஐந்து விரலும் பதிந்த பிடிகொழுக்கட்டை ஒன்று அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை இரண்டாக ஒடித்து, ஒடிந்த விளிம்பை வெளிச்சத்தில் காட்டினார். விளிம்பு கூராக நின்றது.

"இப்படி நின்னா மண்ணு சரியா இருக்குதுங்க. உதிர்ந்தா ஈரம் பத்தலை. கையில ஒட்டுச்சுன்னா ஈரம் சாஸ்தி. இரும்பை ஊத்தறப்ப ஆவி கெளம்பி உள்ளே ஓட்டை விழுந்துரும்."

ஈரத்தை அளக்கக் கருவி இல்லையா என்று கேட்டேன். "இருக்குதுங்களே, ஆபீஸ் ரூமுல. நான் சொன்னதுக்கு அப்புறம் அதுவும் சொல்லும்" என்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே என்னை உள்ளே அழைத்துப்போனார். கணினித் திரையில் பம்ப் கூடு ஒன்றின் உருவம் சுழன்றுகொண்டிருந்தது. உருக்கிய இரும்பு அச்சுக்குள் எந்த வழியாகப் பாயும், எந்தப் பாகம் முதலில் உறையும், எது கடைசியில் உறையும் என்பதையெல்லாம் நிறம் மாற்றிக் காட்டும் மென்பொருள் அது. கனத்த பாகம் கடைசியில் உறைகிறது, உறையும்போது சுருங்குகிறது, சுருங்கும் அளவுக்கு அங்கே இரும்பு ஊட்டப்படாவிட்டால் உள்ளே குழி விழுந்து, பம்ப் கூடு கழிவுக் குவியலுக்குப் போய்விடுகிறது. ஆகையால் அந்த இடத்துக்கு மேலே ரைசர் என்னும் உபரி இரும்புத் தொட்டியை வைக்கிறார்கள். எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன.

"இந்த சாஃப்ட்வேரை ஒரு மாசத்துல கத்துக்கலாமுங்க சார். புதுசா வர்ற பசங்க என்னைவிட வேகமா ஓட்டறாங்க. ஆனா அது தப்பாச் சொல்றப்ப அவங்களுக்குத் தெரியறதில்லை. மண்ணோட ஈரத்தைத் தப்பாக் குடுத்தா அது அழகாத் தப்பு விடை கொடுக்குமுங்க. எனக்கு அது தெரியறதுக்குக் காரணம், முதல் வருஷத்துலயே என்னை மண்ணுல உட்கார வெச்சாங்க. அப்ப அழுகையே வந்துச்சு. கூடப் படிச்சவனெல்லாம் ஏசி ரூமுல கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருந்தான்."

மின்சாரக் கார்கள் வருவதால் தொழிலுக்கு என்ன ஆகும் என்று விசாரித்தேன். எஞ்சின் உறுப்புக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் குறைந்துவிட்டதாகச் சொன்னார். மின்மோட்டாருக்கு அலுமினியக் கூடு வார்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்; அலுமினியத்தின் குணம் வேறு, அதற்கென்று புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அறுபதை நெருங்கும் மனிதர், மேஜைமேல் பென்சில் கோடுகள் போட்ட உலோகவியல் புத்தகம் கிடந்தது. இவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் மின்சாரக் காரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார்கள். உருகிய உலோகம் ஏன் சுருங்குகிறது என்பதைச் சொல்லியிருந்தார்கள். அதைக் கையாலும் செய்து பார்க்க வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள், நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரிக்குச் சென்றேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பலவற்றுக்கு அதன் சாயல் உண்டு. வாயிலில் ஆளுயரப் பலகைகளில் வேலை கிடைத்த மாணவர்களின் முகமும் சம்பளமும் அச்சாகியிருந்தன. உள்ளே மூன்றாம் வருஷத்து மாணவர்கள் கும்பலாக உட்கார்ந்து, கேம்பஸ் இண்டர்வியூவுக்கென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எப்பொழுது சந்திக்கும், இரண்டு குழாய்கள் நிரப்ப ஒரு குழாய் காலிசெய்யும் தொட்டி எப்பொழுது நிறையும் என்ற அதே கணக்குகள்! இவர்களுடைய தாத்தாக்கள் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் போட்டவை. உலகத்தில் எது மாறினாலும் அந்தத் தொட்டியின் ஓட்டையை அடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என்ன படிக்கிறாய், தம்பி?" என்று ஒருவனைக் கேட்டேன்.

"சிவில் சார். சைட்டுக்கு ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ஆனா ஜாவா நல்லா வரும்."

அவன் இதைப் பெருமையாகத்தான் சொன்னான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. பெரிய கணினிக் கம்பெனிகள் எந்தப் பிரிவில் படித்தவனையும் எடுத்துக்கொண்டு, வேண்டியதைத் தாங்களே கற்பித்துக்கொள்கின்றன. அதற்காக இன்போசிஸ் மைசூரில் ஒரு பிரம்மாண்டமான பயிற்சி வளாகமே கட்டி, புதிய பட்டதாரிகளை மாதக்கணக்கில் அங்கே வைத்துப் படிப்பிக்கிறது. கம்பெனியே கற்பிக்குமென்றால் கல்லூரியின் நான்கு வருஷம் எதற்கு என்று மாணவன் நினைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்ட சில்லறை நிரல் வேலையைச் செய்யும் யந்திரங்கள் இப்பொழுது வந்துவிட்டன. சிவில் படிக்காத சிவில் பட்டதாரி, ஜாவாவையும் யந்திரத்துக்குப் பறிகொடுத்தால் எங்கே போவான்?

கல்லூரிகள் சந்தையைத் துரத்தும் ஓட்டத்தில் எப்பொழுதும் பின்தங்கியே இருக்கின்றன. 1990களின் இறுதியில் கணினிப் படிப்புக்கு முண்டியடித்தவர்கள், பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, 2001இன் அமெரிக்க வீழ்ச்சியால் கம்பெனிகள் கதவை மூடியிருந்தன. அதைக் கண்டு பயந்து கணினியை ஒதுக்கியவர்கள் பட்டம் பெற்ற சமயத்தில் அதே கம்பெனிகள் கூவிக் கூவி ஆள் சேர்த்தன. 2010ஐ ஒட்டிய வருஷங்களில் மெக்கானிக்கலுக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. இன்று பல கல்லூரிகளில் மெக்கானிக்கல் வகுப்பு காலியாகக் கிடக்க, அந்த ஆசிரியர்கள் பைத்தான் கற்றுக்கொண்டு புதிய பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். இன்றைய விலையைப் பார்த்து விதைத்து, அறுவடையன்று வேறு விலையைக் காணும் தக்காளி விவசாயியின் கஷ்டம் அத்தனையும் இங்கே உண்டு.

2022ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தது. பொறியியல் மாணவர்களுக்கு மட்டுமன்றிக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும், இதற்கு முன் அவர்கள் காசு கொடுத்துப் படிக்க வேண்டியிருந்த திறன் வகுப்புக்களை, கட்டணமில்லாமல் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது பெரிய உபகாரம். கிராமத்திலிருந்து வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதன் அருமை தெரியும். அதோடு, ஒரு பருவத்தில் ஒரு திறனைச் சான்றிதழாக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பருவத்தில் வேறொன்றுக்குத் தாவுகிற அவசரமும் பல இடங்களில் சேர்ந்துகொள்கிறது. மருந்து நல்லதுதான், பத்தியம் இருக்கப் பொழுதில்லை.

ஊரின் மறுகோடியில், மருதமலை தெரிகிற லாலி சாலைப் பக்கம், வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சைதாப்பேட்டையில் 1868இல் பிறந்த விவசாயப் பள்ளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெயர்ந்து கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமானது. அடுத்தாற்போலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில்தான் பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் காட்டுக் கரும்போடு நல்ல கரும்பைக் கலப்பினம் செய்து, வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றினார்கள். அந்த நிழலான சாலைகளில் நடப்பதே ஒரு சுகம். ஆனால் நான் குறிப்பிட விரும்புவது வேறு. அங்கே படிக்கும் மாணவர்கள் இறுதி வருஷத்தில் கிராமத் தங்கல் திட்டத்தின் கீழ் ஊர் ஊராக அனுப்பப்பட்டு, வாரக்கணக்கில் விவசாயிகளோடு பழகி, அவர்களுடைய தோட்டத்தில் வேலை செய்து வருகிறார்கள். ராவே என்று அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிச் சொல்லுகிறார்கள். நகரத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மண் பரிசோதனை செய்யுங்கன்னு ஒரு பாட்டிக்கிட்ட பத்து நிமிஷம் பேசினேன் சார். எல்லாம் கேட்டுட்டு, 'சாமி, எனக்கு இருக்கறது முக்கால் ஏக்கர், தண்ணி வாரத்துல ரெண்டு நாள்தான், இதுக்கு என்ன போடலாம்னு சொல்லு'ன்னாங்க. எங்க புத்தகத்துல முக்கால் ஏக்கர் கிடையாது." அந்தக் கேள்வியை எந்தத் தேர்வுத்தாளும் அவளுக்குக் கொடுத்திருக்காது. அவள் வங்கி வேலைக்குப் போனாலும், விதைக் கம்பெனிக்குப் போனாலும், ஆட்சிப் பணிக்கே போனாலும் அது கூடவே போகும்.

வேளாண்மைக் கல்விக்கு இது பாடத்தின் பகுதியாக இருக்கிறது. மருத்துவக் கல்விக்கோ, ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் உழைக்காமல் பட்டமே இல்லை. அந்த வருஷம் வீண் என்று சொல்லும் தகப்பனாரை நான் கண்டதில்லை. பொறியியலுக்கு மட்டும் அது விருப்பப் பாடம்போல் நின்றுவிட்டது. 1961இல் வந்த தொழிற்பழகுநர் சட்டத்தை 1973இல் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பட்டம் வாங்கியபின் ஒரு வருஷம் உதவித்தொகையுடன் தொழிற்சாலையில் பழகலாம். ஆனால் நம் வீடுகளில் அப்ரண்டிஸ் என்றால் வேலை கிடைக்காதவன் என்று அர்த்தமாகிவிட்டது. சாண்ட்விச் வகுப்பைப் பற்றியும், எல்லோரும் நாலில் முடிக்கும்போது இவன் ஏன் ஐந்து வருஷம் படிக்க வேண்டும் என்றுதான் பெற்றோர் தயங்குகிறார்கள். கேட்டால் ஒரு வருஷச் சம்பளம் போகிறதே என்கிறார்கள். நாற்பது வருஷம் உழைக்கப் போகிற பிள்ளைக்கு, தன் தொழிலின் மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு வருஷம் அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஜி.டி. நாயுடு அவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த வழக்கில் என் தீர்ப்பு பீளமேட்டின் பக்கந்தான். ஒரே வேலை ஆயுள் முழுவதும் நிலைத்திருந்த காலத்தில் இரண்டு வருஷத்துப் படிப்பு போதுமென்று சொல்லியிருக்கலாம். வேலை பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிற காலத்தில்தான், அடிப்படையைப் பொறுமையாகக் கற்கவும் அதைப் பிரத்தியட்சமாகச் செய்து பார்க்கவும் அவகாசம் அதிகமாக வேண்டியிருக்கிறது. அவசரம் என்று சொல்லி அந்த அவகாசத்தைக் கல்லூரிகள் குறைத்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பிள்ளைகள் முதலிலிருந்து தொடங்க நேரும்.

கலந்தாய்வுக்குப் பட்டியல் எழுதும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிகளைப் பார்க்கப் போகும்போது வாயிலிலுள்ள சம்பளப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டறையையும் பரிசோதனைச் சாலையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை வாரம் மாணவன் அங்கே தன் கையால் வேலை செய்கிறான், வெளித் தொழிற்சாலைகளில் எத்தனை மாதம் நிற்கிறான், அங்கே செய்த தவறுகளை யார் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிற கல்லூரி எவ்வளவு புதிய பெயருள்ள பாடப் பிரிவை வைத்திருந்தாலும், உங்கள் பட்டியலில் அதைக் கீழே தள்ளிவிடுங்கள்.